இந்த வருஷம் காட்டுக்கு அனுப்ப மாட்டேன்

பிப்ரவரி 3

அன்புள்ள பொடியனுக்கு,

ஆறடி வளர்ந்து, சீருடை மாட்டி, ஒரு தேசியப் பூங்காவுக்கே ரேஞ்சர் ஆனாலும் எனக்கு நீ பொடியன்தான். மூஞ்சியைத் தூக்காமல் மேலே படி.

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்று காலை என் கிளினிக்கில் ஒரு பெரியவர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கிறார். என் கை அவர் வாய்க்குள். அந்த நேரம் பார்த்துத்தானா லேப்காரர் போன் பண்ண வேண்டும்? நாங்கள் அனுப்புகிற பல் அச்சுகளை வைத்துப் பல் செட் கட்டித் தருகிறவர் அவர். உதவிக்கு இருக்கிற பெண் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் நீட்டினாள்.

"டாக்டரம்மா, மேல் தாடைன்னு எழுதி ஒரு டப்பா அனுப்பியிருக்கீங்க. திறந்து பாத்தா நாலு விரலும் ஒரு உள்ளங்காலும் இருக்கு. இதுக்கு நான் எங்க போய் பல்லு கட்டுறது?"

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்தவர், வாயில் மிச்சம் இருந்த பற்களால் என் விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டார்.

அது எங்கள் தெருமுனை நாயின் முன்னங்கால் அச்சு. எடுத்தது என் மகள், உன் அருமை மருமகள், வாலு. போன விடுமுறையில் ஈர மண்ணில் மானின் காலடித் தடத்துக்கு மாவு ஊற்றி அச்செடுக்க நீ சொல்லிக் கொடுத்தாயாமே. இங்கே மான் இல்லை. அதனால் நாய், பூனை, பால்காரர் செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாம் பல் அச்செடுக்க நான் வைத்திருக்கும் கிளினிக் மாவு. அச்சு காய்வதற்கு அவள் கண்டுபிடித்த இடம், என் பேஷண்டுகளின் தாடைகள் இருக்கும் அலமாரி.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. போன மாதம் என் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவி மாடிப்படியின் இருட்டு மூலையில் விழுந்திருக்கிறது. வாலு பார்த்திருக்கிறாள். எடுக்கவில்லை. சாவியைச் சுற்றிக் கூழாங்கல் வைத்து அடையாளம் பண்ணிவிட்டு, சமர்த்தாகப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் நானும் உன் அத்தானும் பூட்டிய கதவுக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறோம்.

"ஏன்டி எடுத்துக் குடுக்கல?" என்றால், "எதப் பாத்தாலும் அது கெடந்த எடத்துலயே இருக்கணும், அடையாளம் மட்டும் வெச்சிட்டு வரணும்னு மாமா சொல்லியிருக்காரும்மா" என்கிறாள்.

"அது காட்டுல! இது மாடிப்படி!"

"மாடிப்படின்னா மட்டும் வேற ரூலா?"

ஒவ்வொரு வருஷமும் இதே கதை. நீ மூன்று வாரம் வைத்திருந்து அனுப்புகிறாய். அவளை மறுபடி ஊருக்குள் வாழும் பெண்ணாக மாற்ற எனக்கு அடுத்த விடுமுறை வரை ஆகிறது. போதும்டா சாமி. இந்த வருஷம் அவளைக் காட்டுக்கு அனுப்ப மாட்டேன். நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்தாயிற்று. நீயே அவளுக்கு ஏதாவது நல்லபடியாக எழுதிப் புரியவை. நான் சொன்னால் சண்டைதான் வருகிறது.

அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள பல் டாக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதோறும் சாமான் கொண்டுவரும் ஜீப்பில் வந்தது. வெங்காய மூட்டைக்கு அடியில் கிடந்ததால் கொஞ்சம் நசுங்கியிருந்தது. ஆனால் உன் கோபத்துக்கு ஒரு சேதமும் இல்லை. முகாமில் எல்லோருக்கும் நாய்க்கால் கதையைப் படித்துக் காட்டினேன். சமையல்காரருக்கு இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

நீ நினைப்பது மாதிரி நான் இங்கே சுகமாக இருக்கிறேன் என்று எண்ணாதே. இந்த வாரம் முழுக்க சுற்றுலாக்காரர்கள். ஒருவர் வந்து, "சார், கரடி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்கிறார். சாயங்காலக் காட்சிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பது போல. இன்னொருவர் மான்களுக்கு பிஸ்கட் போடக் கூடாது என்றதும் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றார். இவர்களுக்கு நடுவில் வருஷத்துக்கு ஒருமுறை உன் மகள் வருவதுதான் எனக்கு மனுஷத் துணை.

உனக்கு ஒன்று தெரியுமா? சாப்பிட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்திருக்கிறாள் என்று குறைப்படுகிறாயே, அந்தப் பிள்ளை ஆற்று வளைவில் வயிற்றைத் தரையில் பதித்து, எறும்பு கடித்தாலும் அசையாமல் காலை முழுவதும் படுத்திருக்கிறாள். எதற்கு? ஒரு நீர்நாய் தலையைத் தூக்கி மூச்சு விடுவதைப் பார்ப்பதற்கு. பார்த்துவிட்டால் கத்துவதில்லை. என் சட்டையை மெல்ல இழுக்கிறாள். அவ்வளவுதான். என்னிடம் பயிற்சிக்கு வரும் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

இந்த வருஷம் வளைவில் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. விடுமுறை வரும்போது நீந்தப் பழக வெளியே வரும். அதைப் பார்க்காமல் அவளை நீச்சல் குளத்தில் போடுவது என்ன நியாயம் அக்கா? நீச்சலை அவள் நீர்நாயிடமே கற்றுக்கொள்வாள்.

நீ இவ்வளவு கோபப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. அப்பா நம்மை முதல் முதலாக இங்கே கூட்டி வந்தபோது நான் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுதேன். நீதான் என் தொடையைக் கிள்ளி வாயை மூடவைத்து, கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாய். தடம் பார்க்க, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நனைத்துப் பார்க்க, எல்லாம் நீ. அப்புறம் என்ன ஆயிற்றோ, உனக்குக் காட்டின் மேல் இருந்த ஆர்வமே போய்விட்டது. வருவதையே நிறுத்திவிட்டாய். பரீட்சை என்று அம்மா சொன்னதாக ஞாபகம். உனக்குப் போன ஆர்வம் வாலுவுக்கும் போகவேண்டும் என்று இருக்கிறதா?

அனுப்பிவிடு. மாவு மூட்டை நான் வாங்கித் தருகிறேன்.

பொடியன்

*

பிப்ரவரி 20

பொடியா,

ஆர்வம் போய்விட்டதா? எனக்கா?

உன் கடிதத்தை இரண்டு பேஷண்டுகளுக்கு நடுவில் படித்தேன். தப்பு. அடுத்து வந்த பெண்ணுக்கு வலது பக்கப் பல்லுக்குப் போட வேண்டிய ஊசியை இடது பக்கம் கொண்டுபோனேன். அவள் பயந்துபோய், "டாக்டர், நீங்க சாப்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

நீ அப்போது சின்னப் பையன். உனக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது கேட்டிருக்கலாம் இல்லையா? சரி, இப்போது கேள்.

அப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வருஷம் முழுக்கப் பொடி எழுத்தையே பார்க்கிற கண்ணுக்குத் தூரமாக ஏதாவது காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் விடுமுறைதோறும் நம்மைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதின்மூன்று வயது ஆன வருஷம், கிளம்புவதற்கு முதல் நாளே என் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். காலையில் என் பை மறுபடி உள்ளே கட்டிலின் மேல் இருந்தது. அம்மா சொன்னாள், "நீ இப்ப பெரியவ. டென்ட்லல்லாம் படுத்துக்க முடியாது. இந்த வருஷம் வேணாம்." அவ்வளவுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குனிந்து கார் டயரைப் பார்த்தார். நல்லாயிருந்த டயரைக் காலால் உதைத்து உதைத்துப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நீ "அக்கா வரலன்னா நானும் போகமாட்டேன்" என்று அழுதாய். அதற்காக உன்னை எனக்கு இன்னும் பிடிக்கும். உன் அழுகையை நிறுத்த என் பைனாகுலரை எடுத்து உன் கழுத்தில் மாட்டினார்கள். கார் போய்விட்டது. 'இந்த வருஷம் வேணாம்' என்றால் அடுத்த வருஷம் உண்டு என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வருஷமும் கேட்டேன். அதற்கடுத்த வருஷம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

நீ திரும்பி வந்து கதை சொல்வாய். எல்லாம் தப்புத் தப்பாக. நீர்நாயைப் பெரிய எலி என்றாய். நான் உட்கார்ந்து திருத்துவேன். பார்த்தவன் நீ, திருத்துகிறவள் நான். எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பார்.

நான் பல் டாக்டர் ஆனதற்கே அந்தக் காடுதான் காரணம். எனக்கு ஒன்பது வயதில் ஆற்றங்கரையில் ஒரு மான் மண்டையோடு கிடந்தது. அதன் கடைவாய்ப் பற்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்திருந்தன. ஒரு பல் தன் வாழ்நாள் முழுவதையும் தன்மேலேயே எழுதி வைத்திருக்கிறது என்று அன்று தோன்றியது. இன்றைக்கும் யாராவது வாயைத் திறந்தால் முதலில் அந்த மான் ஞாபகம்தான். ஆர்வம் போய்விட்டதாம்!

நாய்க்காலுக்காகவும் சாவிக்காகவும் அவளை நிறுத்துகிறேன் என்று நினைத்தாயா? எனக்குப் பயம்டா. அவள் அந்தக் காட்டின் மேல் வைத்திருக்கிற பிரியத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பொருளின் மேல் இவ்வளவு ஆசையை வளர்த்துவிட்டு, ஒருநாள் யாரோ ஒருவர் ஒரே வார்த்தையில் 'வேணாம்' என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? எனக்குத் தெரியும் என்ன ஆவாள் என்று. அதற்கு நீச்சல் வகுப்பு எவ்வளவோ மேல்.

அக்கா

*

பிப்ரவரி 28

அக்கா,

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

எனக்கு நிஜமாகவே தெரியாது. பரீட்சை என்றார்கள், நம்பிவிட்டேன். பைனாகுலரைக் கொடுத்ததும் அழுகையை நிறுத்திவிட்டேன் என்பது இப்போது நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. அப்பாவிடம் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கவும் முடியாது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவிடம் கேட்டால் 'அப்படியா நடந்துச்சு?' என்பாள்.

ஆனால் ஒன்று யோசி. அப்போது நம்மிடம் எதுவும் இல்லை. அப்பா வைத்ததுதான் சட்டம். இப்போது அப்படியா? இங்கே ரேஞ்சர் யார்? நான். கேட்டைத் திறப்பதும் மூடுவதும் என் கையில் இருக்கிறது. வாலுவை யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? நான் இருக்கிறவரைக்கும் அந்த வார்த்தை அவள் காதில் விழாது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு. வேண்டுமானால் இந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு உன் கிளினிக் சுவரில் மாட்டிக்கொள்.

குட்டிகள் கண் திறந்துவிட்டன. அனுப்பு அக்கா.

பொடியன்

*

மார்ச் 14

அன்புள்ள பொடியனுக்கு,

சட்டம் போடவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

சரி, ஜெயித்துவிட்டாய். நீச்சல் வகுப்பில் பெயரை எடுத்துவிட்டேன். வாலுவிடம் சொன்னதும் அவள் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரைப் பிடித்து உட்காரவைத்து நீர்நாய்க்குக் காது எப்படி மூடிக்கொள்ளும் என்று விளக்கம் கொடுத்து அனுப்பினாள். சண்டை போட வந்த மனுஷன் பாவம், சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்.

என் நிபந்தனைகள். தினமும் காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன முறை ஒன்றோடு பஸ் ஏறிவிட்டாள், உன் அத்தான்தான் கண்டுபிடித்து அலறினார். அவளுக்கென்று தனியாக மாவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்பி வரும்போது எந்த விலங்கின் சாணத்தையும் டப்பாவில் போட்டு எடுத்துவரக் கூடாது. என் ஃப்ரிட்ஜ் ஆராய்ச்சி நிலையம் இல்லை.

இன்னொன்று. போன வாரம் வாலு பெரியவளாகிவிட்டாள். ஆர்ப்பாட்டம் எதுவும் பண்ணவில்லை. அவளும் அழவில்லை, கொள்ளவில்லை. "இது எந்தெந்த மிருகத்துக்கெல்லாம் வரும்மா?" என்று கேட்டு என் புத்தகத்தையெல்லாம் இறக்க வைத்துவிட்டாள். தேவையானதையெல்லாம் பையில் வைத்து அனுப்புகிறேன், அவளே பார்த்துக்கொள்வாள். நீ குளியலறையை மட்டும் கொஞ்சம் சுத்தமாக வைத்திரு. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் அவளைப் பூங்கா கேட் வரை கொண்டுவந்து விடுவார். எந்த சனிக்கிழமை என்று எழுது.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே நீயும் அத்தானும் வாலுவும் நலமா? இங்கே இரண்டு நாளாக நல்ல காற்று. ஜீப்புக்கு பிரேக் சரியில்லை, மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லி இன்னும் வரவில்லை. வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் பாதையில் விழுந்துவிட்டது, அதை அறுத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாலு விஷயம். சந்தோஷம். அதைப் பற்றித்தான் கொஞ்சம் யோசித்தேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகாமில் இப்போது புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஆண்கள். நல்லவர்கள்தான், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் குளியலறை பின்னால் தனியாக இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்போம், அதுதான் அடையாளம். போன வருஷம் வரை அவள் குழந்தை. இனிமேல் அப்படி இல்லை பார். நாளைக்கு யாராவது ஏதாவது பேசினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே.

அதனால் இந்த வருஷம் வேண்டாமே என்று பார்க்கிறேன். அடுத்த வருஷம் ஏதாவது வசதி பண்ணிவிடலாம். அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். ஏமாந்து போவாள், தெரியும். குட்டிகள் வெளியே வந்ததும் என்னென்ன செய்கின்றன என்று ஒன்று விடாமல் அவளுக்கு எழுதி அனுப்புகிறேன். பார்த்த மாதிரியே இருக்கும்.

நீ புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன். அத்தானிடம் கேட்டுப் பார், அவரும் இதைத்தான் சொல்வார்.

பொடியன்

*

மார்ச் 30

பொடியா,

உன் அத்தானிடம் கேட்டேன். "உன் தம்பிக்கு மூளை கலங்கிடுச்சா?" என்றார்.

நீ எழுதியதை நீயே ஒருமுறை படித்துப் பார்த்தாயா? 'இந்த வருஷம் வேண்டாமே.' பொடியா, அம்மாவின் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. கடைசியில் ஒரு 'ஏ' சேர்த்ததைத் தவிர நீ ஒன்றும் மாற்றவில்லை. ஜீப் பிரேக், விழுந்த மரம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயே, அது என்ன தெரியுமா? அப்பா உதைத்த டயர்.

அப்பாவையாவது நான் ஒருவிதத்தில் மன்னிப்பேன். அப்படிச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. உனக்கு நான் போன மாதம்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். படித்தாய். கேவலமாக இருக்கிறது என்றாய். கேட்டைத் திறப்பதும் மூடுவதும் என் கையில் என்று மார்தட்டினாய். அவள் வயது மாறியதும் முதல் வேலையாகக் கேட்டை மூடியவன் நீதான்.

தாழ்ப்பாள் இல்லையா? தாழ்ப்பாள் போடு. உலகத்தில் அதற்கு ஒரு ஆணியும் ஒரு சுத்தியலும் போதும். ஆண்கள் இருக்கிறார்களா? அவர்களை ஒழுங்காக நடத்தத்தான் உனக்கு அந்தத் தொப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். கரடி வரும் என்றால் வேலியை எங்கே போடுவது என்று உனக்குத் தெரிகிறது. இதற்கு மட்டும் எங்கள் பெண்ணை வீட்டுக்குள் போட்டுப் பூட்டத்தான் தெரிகிறதா?

அவளுக்கு எழுதி அனுப்புகிறாயாமே, பார்த்த மாதிரியே இருக்குமாமே. எலி என்று எழுதுவாயா, பெருச்சாளி என்று எழுதுவாயா?

வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டித்தான் நான் தினமும் கிளினிக் போகிறேன். அதை எடுத்துக் கட்டிலின் மேல் வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். வேண்டுமானால் நீ வந்து செய்.

அக்கா

*

ஏப்ரல் 13

பொடியா,

ஒரு ஜீப் வந்துபோயிருக்கும், இன்னொன்றும் வந்துபோயிருக்கும். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிரேக் இன்னும் சரியாகவில்லையோ?

விடுமுறை தொடங்கிவிட்டது. அவள் தினமும் கேட்கிறாள், எந்த சனிக்கிழமை என்று. நேற்று வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வேண்டாம் என்று மாமா எழுதியிருக்கிறார் என்று. அழுவாள் என்று நினைத்து என்னைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னாள், "மாமா அப்படில்லாம் சொல்ல மாட்டாரும்மா. யாரோ பெரிய ஆபீசர் சொல்லி எழுத வெச்சிருப்பாங்க. மாமாவுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும், பாவம்."

சொல்லவா, 'இல்லடி, உன் மாமாவேதான்' என்று? அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். அது அப்பாவின் முடிவு இல்லை, அம்மாவின் முடிவுதான் என்று பல வருஷம் நம்பினேன். அது உண்மை இல்லை என்று தெரிந்த நாள்தான் கார் போன நாளைவிட மோசமான நாள்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத்தில் காட்டினால் தாள் பற்றிக்கொள்ளும். ஆனாலும் அவள் நம்பிக்கையை என் வாயால் உடைக்க முடியவில்லை. இந்த வேலையும் உன்னுடையதுதான். என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

தாழ்ப்பாள் போடு என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். ஊரில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம், இங்கே இருப்பவனுக்குத்தானே தெரியும் என்று ஒரு பதிலும் எழுதினேன். ஜீப் வருவதற்குள் அதைப் படித்துப் பார்த்தேன். அது அப்பா எழுதிய மாதிரியே இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால்கூட எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. கிழித்து அடுப்பில் போட்டேன். அப்புறம் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

எழுதுவதற்குப் பதில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். என் மருமகள் வருகிறாள், குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடப் போகிறோம், இனிமேல் யாரும் எங்கும் எப்படி வேண்டுமானாலும் திரியக் கூடாது என்று முறைப்பாகச் சொன்னேன். பின்னால் நின்ற காவலாளி கையைத் தூக்கினார்.

"சார், தாழ்ப்பா போடச் சொல்லி நாங்க வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். எங்களுக்கும் வெக்கம் இருக்கும்ல சார். எனக்குப் பாடவும் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருந்தது. ஒரு சாயங்கால வேலை அக்கா. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, முற்றத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் பலகை அடித்து, சாமான் அறையைக் காலி பண்ணித் தனி அறை ஆக்கிவிட்டோம். இதற்குத்தான் ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொன்னேன்.

வாலுவிடம் உண்மையைச் சொல்லிவிடு. எந்த ஆபீசரும் சொல்லவில்லை. மாமாதான் எழுதினான், மாமா எழுதியது தப்பு. இதையும் நானே தனித் தாளில் எழுதி அவள் பெயருக்கு இதோடு வைத்திருக்கிறேன். அவள் என்னை எப்படி நினைத்துக்கொள்ள வேண்டுமோ நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் இங்கே வந்து நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த அறையில் கட்டில் இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்றில் யார் படுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் பேஷண்ட், கிளினிக் என்று ஏதாவது சாக்கு எழுதி என் உயிரை வாங்காதே. வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. குட்டிகள் தண்ணீரில் இறங்கிவிட்டன.

பொடியன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள பொடியனுக்கு,

சாக்கு எழுதவில்லை. எழுத நினைத்தேன், ஆனால் முந்திக்கொண்டுவிட்டாள் உன் மருமகள். கிளினிக் கதவில் 'டாக்டர் விடுப்பில் இருக்கிறார்' என்று எழுதி ஒட்டச் சொன்னேன். அவள் எழுதியது இது: 'டாக்டர் காட்டுக்குப் போயிருக்கிறார். பல்வலி உள்ளவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்.' அதற்குக் கீழே ஒரு நீர்நாய். உன் அத்தான் அதைக் கிழிக்கப் போனார். நான் விடவில்லை. தெரு முழுக்கப் படித்துவிட்டது, இனிமேல் நான் போகாமல் இருந்தால்தான் மானக்கேடு.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். இரண்டு நாள் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போனாள். எனக்கு உன்மேல் பாவமாகக்கூட இருந்தது, கர்வப்படாதே, கொஞ்சம்தான். மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "மாமா தப்புன்னு ஒத்துக்கிட்டாருல்ல. ஆனா நான் அங்க போனதும் மொதல்ல ஒரு நாள் பேச மாட்டேன்" என்றாள். அதனால் முதல் நாள் அவள் பேசாவிட்டால் நீ பயப்பட வேண்டாம். பேசுகிற அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்போதுதான் என் கதையையும் அவளுக்குச் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. பதின்மூன்று வயது, கட்டின பை, வாசலில் நின்ற கார், எல்லாம். நான் சொல்லி முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளும் என்னோடு சேர்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. என்மேல்.

"கார் வாசல்லதானேம்மா நின்னுச்சு? நீ ஏன் ஏறி உக்காந்துக்கல?"

பொடியா, அப்படி ஒன்று செய்யலாம் என்றே எனக்கு அன்று தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்புகிறோம். நான் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா